கப்பலைப் பூட்டி வைத்தால் அது தனிமைப்படுத்தல் ஆகிவிடுமா?



நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள், இல்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவைக்கு வாசியுங்கள்.

நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒருவர் டயமண்ட் பிரின்சஸ் கப்பலின் பழைய வீடியோ ஒன்றைப் போட்டிருந்தார். 2020 கொரோனாக் காலத்தில் ஜப்பானில் நின்ற அதே கப்பல்தான். அதற்குக் கீழே வந்த கருத்துக்களை வாசித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். "ஒருத்தனையும் இறக்கியிருக்கக் கூடாது, நடுக்கடல்ல பூட்டி வச்சிருக்கணும்" என்று ஒரு காக்கா எழுதுகிறார். அதற்குக் கை தட்டி, இதய அடையாளம் போட்டு, "அதுதான் இஸ்லாம் சொன்ன குவாரண்டைன்" என்று இன்னொருவர் மார்க்கத்தையும் சேர்த்து விடுகிறார். அடுத்தவர், நாளைக்கு கொழும்புக்கோ திருகோணமலைக்கோ இப்படி ஒரு கப்பல் வந்தால் கல்லால் அடித்து விரட்ட வேண்டும் என்கிறார்.

இந்த மூன்று பேரும் நல்ல மனிதர்கள். மூவரையும் எனக்குத் தெரியும். ஒருவருடைய மகன் ஹோட்டல் ஸ்கூலில் படித்துக்கொண்டிருக்கிறான். படித்து முடித்து எங்கே போக ஆசைப்படுகிறான் என்று வாப்பாவிடம் கேட்டால் "கப்பலுக்கு" என்றுதான் சொல்வார்.

அதனால்தான் கோபம் வருகிறது.

முதலில் அந்தக் கப்பலில் நடந்ததைச் சரியாகப் பார்ப்போம். 2020 ஜனவரி 20ஆம் திகதி யொக்கஹாமாவில் இருந்து புறப்பட்டது. ஜனவரி 25இல் ஹொங்கொங்கில் இறங்கிய ஒரு பயணிக்கு பெப்ரவரி 1ஆம் திகதி தொற்று உறுதியானது. கப்பல் 3ஆம் திகதி இரவு யொக்கஹாமாவுக்குத் திரும்பியது. ஆனால் பயணிகளைக் கெபினுக்குள் இருக்கச் சொன்னது 5ஆம் திகதிதான். இடைப்பட்ட நேரத்தில் சனங்கள் கப்பலுக்குள் சாதாரணமாக நடமாடினார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அப்போது கப்பலில் இருந்தது 3,711 பேர். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊழியர்கள். கடைசியில் 712 பேருக்குத் தொற்று. பரிசோதித்த நேரத்தில் அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் இருக்கவில்லை. பத்துப் பேருக்கு மேல் மௌத்தானார்கள்.

"பூட்டி வச்சாங்கதானே, பிறகு எப்படி இவ்வளவு?" என்று கேட்பீர்கள்.

பூட்டியது யாரை என்று பாருங்கள். பயணிகளை. பயணிகள் கெபினுக்குள் இருந்தால் அவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொண்டு போவது யார்? சமைப்பது யார், கோப்பை கழுவுவது யார், அழுக்குத் துணியை எடுப்பது யார்? ஊழியர்கள். அவர்கள் இரண்டு பேர், சில இடங்களில் அதற்கு மேற்பட்டவர்கள், ஒரே கெபினில் படுத்தார்கள். ஒரே உணவறையில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். பிறகு நூற்றுக்கணக்கான கதவுகளைத் தட்டிச் சாப்பாடு கொடுத்தார்கள்.

அந்தக் கப்பலின் ஊழியர்களிடையே நடந்த ஆரம்ப ஆய்வில், முதலில் கண்டுபிடிக்கப்பட்ட 20 ஊழியர்களில் 15 பேர் உணவுப் பிரிவில் வேலை செய்தவர்கள். 16 பேர் ஒரே தளத்தில், அதாவது மூன்றாம் தளத்தில் படுத்தவர்கள். உணவுப் பிரிவுக்காரர்களைத் தங்க வைத்த தளம் அது. இதற்கு விளக்கம் வேண்டுமா? பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இந்த இரண்டு எண்ணையும் கொடுத்தால் பதில் சொல்லிவிடும்.

ஆகவே அங்கே இருந்தது ஒரு கப்பல் இல்லை, இரண்டு. மேலே யன்னல் உள்ள கப்பல். கீழே வேலை செய்யும் கப்பல். மேலே இருந்தவர்களுக்கு 14 நாள் தனிமைப்படுத்தல். கீழே இருந்தவர்களுக்கு அதே 14 நாளும் டியூட்டி. மேலேயும் எல்லோரும் ஒன்று இல்லை. பல்கனி உள்ள அறை எடுத்தவனுக்குக் காற்று. யன்னலே இல்லாத உள் கெபின் எடுத்தவனுக்கு இடைக்கிடை மேல்தளத்தில் கொஞ்ச நேரம் நடக்க விடுவார்கள்.

கோபே பல்கலைக்கழகத்தின் தொற்றுநோய்ப் பேராசிரியர் கென்டாரோ இவாட்டா கப்பலுக்குள் போய்ப் பார்த்துவிட்டு பெப்ரவரி 18ஆம் திகதி ஒரு வீடியோ போட்டார். தொற்று உள்ள பகுதி எது, சுத்தமான பகுதி எது என்ற பிரிவே உள்ளே இல்லை என்றார். அதிகாரிகளுக்குக் கோபம் வந்தது. வீடியோவைப் பிறகு அவரே எடுத்துவிட்டார். ஆனால் உள்ளே போன ஜப்பானிய சுகாதார உத்தியோகத்தர்களுக்கும் தொற்று வந்தது உண்மை. வைரஸுக்கு வீடியோவை அழித்தாலும் ஒன்றுதான், அழிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜப்பான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் நிலைமை இதைவிடப் படுமோசமாக இருந்திருக்கும். ஒரு கணிப்பின்படி எந்த நடவடிக்கையும் இல்லாமல் விட்டிருந்தால் 2,900க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியிருக்கும். ஆகவே கெபினுக்குள் இருக்கச் சொன்னது வீண் வேலை இல்லை. தொற்றியவர்களில் கணிசமானவர்களுக்கு அதற்கு முன்பே தொற்றியிருந்தது என்பதும் சரி. அன்று பரிசோதனை வசதி குறைவு, மூவாயிரத்துச் சொச்சம் பேரைக் கரையில் வைக்க இடமும் தயாராக இல்லை. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கணிப்பின் அடுத்த வரியை யாரும் பகிர்வதில்லை. பெப்ரவரி 3ஆம் திகதியே எல்லோரையும் இறக்கியிருந்தால் தொற்றுடன் இறங்கியிருக்கக்கூடியவர்கள் வெறும் 76 பேர்.

எழுபத்தாறு எங்கே, எழுநூற்றுப் பன்னிரண்டு எங்கே.

இப்போது அந்த மார்க்கக் கருத்துக்கு வருகிறேன். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் வந்தால் ஓடிப்போகாதீர்கள் என்ற கருத்தில் வரும் நபிமொழி நம் எல்லோருக்கும் தெரியும். கொரோனாக் காலத்தில் அதைப் பகிராத முஸ்லிம் இல்லை. நானும் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு "பூட்டி வை, சாகட்டும்" என்று எழுதுபவர்கள் அம்வாஸ் கொள்ளைநோயின் வரலாற்றை மிச்சத்தையும் வாசிக்க வேண்டும். உமர் ரலியல்லாஹு அன்ஹு ஷாமுக்குள் நுழையாமல் ஸர்கில் இருந்து திரும்பிய சம்பவத்தை எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு? அபூ உபைதா ரலி, முஆத் ரலி ஆகியோர் அந்த நோயில் வஃபாத்தான பின் பொறுப்புக்கு வந்த அம்ர் இப்னுல் ஆஸ் ரலி என்ன செய்தார்கள்? சனங்களை நெருக்கமாக வைத்திருக்காமல் மலைகளுக்குப் பிரிந்து போகச் சொன்னார்கள், அதன் பிறகே நோய் தணிந்தது என்று வரலாற்று நூல்களில் வருகிறது. நோய் வெளியே போகவும் விடவில்லை, உள்ளே இருப்பவர்களை ஒன்றாகக் குவித்தும் வைக்கவில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் தனிமைப்படுத்தல். ஒன்றை மட்டும் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

ஐரோப்பியர்களின் கதையும் இதேதான். குவாரண்டைன் என்ற சொல்லே வெனிஸ் ஆட்கள் வைத்த நாற்பது நாள் கணக்கில் இருந்து வந்தது. அதற்கு முன் ரகூசா நகரம், இன்றைய டுப்ரொவ்னிக், 1377இல் ஒரு மாதம் என்று சட்டம் போட்டது. வருபவர்களை எங்கே இருக்கச் சொன்னார்கள்? நகரத்துக்கு வெளியே, கரையிலும் தீவிலும். வெனிஸ் 1423இல் ஒரு தீவிலேயே நோயாளர் இல்லம் கட்டியது. அறுநூறு வருசத்துக்கு முந்திய, கிருமி என்றால் என்ன என்றே தெரியாத மனிதர்கள், சனத்தை வைப்பதற்கென்று தனியாக ஓர் இடம் வேண்டும் என்று விளங்கி வைத்திருந்தார்கள். நாம் இன்டர்நெட் கையில் வைத்துக்கொண்டு "நடுக்கடல்ல பூட்டு" என்கிறோம்.

சரி, ஏன் அரசாங்கங்களுக்கும் பூட்டி வைக்கவே ஆசை? இதில் மருத்துவம் பாதி, கணக்கு பாதி. கிராண்ட் பிரின்சஸ் என்று இன்னொரு கப்பல், 2020 மார்ச்சில் கலிபோர்னியாக் கரைக்கு வெளியே நின்றது. முதலில் 46 பேரைப் பரிசோதித்ததில் 21 பேருக்குத் தொற்று. அந்த 21 பேரில் 19 பேர் ஊழியர்கள். அப்போது ஜனாதிபதி ட்ரம்ப் வெளிப்படையாகவே சொன்னார், ஆட்களை இறக்கினால் நாட்டின் எண்ணிக்கை கூடிவிடும், தனக்கு அது விருப்பம் இல்லை என்று. பிறகு ஓக்லண்டில் இறக்கி, பயணிகளை இராணுவ முகாம்களில் தனிமைப்படுத்தினார்கள். ஊழியர்களில் பெரும்பாலானோர்? கப்பலிலேயே.

டயமண்ட் பிரின்சஸ் தொற்றாளர்களையும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலில் எந்த நாட்டின் கணக்கிலும் சேர்க்கவில்லை. தனி வரி ஒன்றில் போட்டார்கள். நாடில்லாத நோயாளிகள். கப்பல்காரனுக்கு நோய் வந்தால் அவன் யாருடைய பிள்ளையும் இல்லை என்று ஆகிவிடுகிறது.

விரட்டி அடிக்கச் சொன்ன சகோதரருக்கு வெஸ்டர்டாம் கப்பலை ஞாபகப்படுத்துகிறேன். அதே 2020 பெப்ரவரியில் ஜப்பான், தாய்வான், குவாம், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து என ஐந்து இடங்கள் அதற்குக் கதவைச் சாத்தின. கடைசியில் கம்போடியா சிஹானூக்வில்லில் இடம் கொடுத்தது. இறங்கிய ஒரு பயணிக்கு மலேசியாவில் தொற்று என்று ஒரு பரிசோதனை காட்ட, உலகமே கம்போடியாவைத் திட்டியது. பின்னர் பார்த்தால் அந்த முடிவே பிழை. கப்பலில் தொற்றே இருக்கவில்லை. ஐந்து நாடுகள் விரட்டியது நோயை இல்லை, பயத்தை.

சான்டாம் கப்பலுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. 2020 மார்ச் 7இல் புவனஸ் அயர்ஸில் இருந்து கிளம்பியது, தென்னமெரிக்காவில் இடம் கிடைக்காமல் பனாமாக் கால்வாயைக் கடந்து, ஏப்ரல் 2ஆம் திகதிதான் புளோரிடாவில் கரை சேர்ந்தது. வழியிலேயே நான்கு பயணிகள் மௌத். அவர்களில் யாராவது ஒருவரை நேரத்துக்கு ஒரு வைத்தியசாலையில் சேர்த்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"அப்போ எல்லாரையும் அப்படியே இறக்கி விடச் சொல்றீங்களா சேர்?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இல்லை. அப்படி இறக்கியதும் நடந்திருக்கிறது. 2020 மார்ச் 19ஆம் திகதி ரூபி பிரின்சஸ் சிட்னிக்கு வந்தது. ஆபத்துக் குறைவு என்று எழுதி, எடுத்த மாதிரிகளின் முடிவு வருவதற்கு முன்பே இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பயணிகளைப் பெட்டி படுக்கையுடன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு அடுத்த நாள் வந்தது. அவர்கள் அதற்குள் பஸ்ஸிலும் விமானத்திலும் நாடு முழுக்கப் போய்விட்டார்கள். 28 மரணங்கள் அந்தக் கப்பலுடன் தொடர்புபட்டன. விசேட விசாரணை ஆணைக்குழு வைத்து, சுகாதார அதிகாரிகளின் பிழைகளைப் பாரதூரமானவை என்று அறிக்கை சொன்னது. அங்கேயும் ஊழியர்கள் சுமார் ஒரு மாதம் கப்பலிலேயே கிடந்தார்கள். கவனித்தீர்களா, பூட்டினாலும் திறந்தாலும் கீழ்த்தளத்து ஆளின் நிலை ஒன்றுதான்.

பூட்டுவதற்கும் அப்படியே விடுவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதை நாமே செய்திருக்கிறோம். 2020 மார்ச்சில் இத்தாலி, தென்கொரியா, ஈரான் நாடுகளில் இருந்து வந்தவர்களை புணானைக்கும் கந்தக்காட்டுக்கும் கொண்டுபோய் இரண்டு வாரம் வைத்தார்களே, அப்போது நம்ம பக்கத்தில் எவ்வளவு முணுமுணுப்பு! "எங்கட தலையில ஏன் கட்டுறாங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். தரையில், கட்டடத்தில், பொது சுகாதாரப் பரிசோதகரும் வைத்தியரும் பக்கத்தில், சுகமில்லை என்றால் அம்பியூலன்ஸ். டயமண்ட் பிரின்சஸில் கிடந்தவர்கள் கேட்டதும் இதைத்தான். எல்லோரும் நெருங்கி வாழும் இடத்துக்குள் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே பாடம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் வெலிசற கடற்படை முகாமில் நூற்றுக்கணக்கான சிப்பாய்களுக்குத் தொற்றியது. அதுவும் தரையில் நின்ற ஒரு கப்பல் மாதிரித்தான்.

சுகாதாரம் என்ற பெயரில் அறிவியல் இல்லாத கட்டளை வந்தால் எப்படி வலிக்கும் என்பதை மற்றவர்களுக்கு விளக்க வேண்டி இருக்கலாம். நமக்கு விளக்கத் தேவையில்லை. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொன்ன பிறகும், 2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டு நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். 2021 பெப்ரவரி வரை அது நீடித்தது. 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அன்று நாம் கேட்ட ஒரே கேள்வி, "இதற்கு ஆதாரம் எங்கே?" என்பதுதான். அதே கேள்வியை நடுக்கடலில் நிற்பவனுக்காகவும் கேட்க வேண்டியவர்கள் நாம். நம்ம ஆட்களே "பூட்டு, விரட்டு" என்று எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் இலங்கையையும் கட்டுப்படுத்தும். பொதுச் சுகாதாரக் காரணத்தை மட்டும் சொல்லி ஒரு கப்பலைத் துறைமுகத்துக்கு வரவே கூடாது என்று தடுக்க முடியாது என்கிறது அதன் 28ஆம் உறுப்புரை. அந்தத் துறைமுகத்தில் வசதி இல்லை என்றால் பொருத்தமான, கிட்டிய இன்னொரு இடத்துக்கு அனுப்பலாம். தனிமைப்படுத்தப்படுபவரை மனித கண்ணியத்துடன் நடத்த வேண்டும், உணவு, தண்ணீர், மருத்துவம் கொடுக்க வேண்டும் என்பது 32ஆம் உறுப்புரை. 2020இல் பணக்கார நாடுகளே இதைக் காற்றில் விட்டன என்பது வேறு கதை.

நாம் அப்படி முழுக்கக் கைவிட்டதும் இல்லை. 2020 ஏப்ரலில் எம்.எஸ்.சி. மக்னிபிகா கப்பல் கொழும்புக்கு வந்தபோது அதில் வேலை செய்த ஓர் இலங்கையர் வீடியோவில் கெஞ்சினார், அவரை இறக்கித் தனிமைப்படுத்தலுக்கு எடுத்தார்கள். சுகமில்லாத ஒரு வெளிநாட்டுப் பயணியையும் வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். டயமண்ட் பிரின்சஸில் இருந்து இந்தியா தன் ஆட்களை விமானத்தில் எடுத்தபோது அதில் இலங்கையரும் வந்தார்கள். அதாவது நீங்கள் பூட்டச் சொன்ன அந்தக் கப்பலுக்குள் நம் நாட்டு ஆளும் இருந்தார்.

கொரோனா முடிந்துவிட்டது, இனி ஏன் இந்தப் பேச்சு என்பவர்களுக்கு: உல்லாசக் கப்பல்களில் வருசா வருசம் வரும் நோய் நோரோ வைரஸ். வாந்தி, வயிற்றோட்டம். அமெரிக்காவில் இதைக் கண்காணிக்க 1970களில் இருந்தே தனித் திட்டம் இருக்கிறது. பயணிகளிலோ ஊழியர்களிலோ நூற்றுக்கு மூன்று பேருக்கு வந்தாலே கப்பலின் பெயரைப் பகிரங்கமாகப் போடுகிறார்கள். உணவு கையாளும் ஊழியர் நோய் நின்று 48 மணித்தியாலம் கழியும்வரை வேலைக்கு வரக் கூடாது என்பது விதி. நல்ல விதி. ஆனால் டிப்ஸை நம்பி வேலை செய்பவன், இரண்டு நாள் கெபினில் கிடந்தால் காசு போகும், அடுத்த ஒப்பந்தமும் கிடைக்காமல் போகலாம் என்று பயந்தால் வயிற்றோட்டத்தைச் சொல்வானா? மறைப்பான். மறைத்துக்கொண்டு சலாட் வெட்டுவான். சுகவீன நாளுக்குச் சம்பளம் கொடுப்பதை நான் தர்மம் என்று சொல்லவில்லை, சவர்க்காரத்தைப் போல அதுவும் ஒரு தொற்றுத் தடுப்பு என்கிறேன். (கைக்குப் போடும் அல்கஹோல் ஜெல் நோரோவுக்கு அவ்வளவு வேலை செய்யாது, சவர்க்காரமும் தண்ணீரும்தான். பாடசாலைக்கும் இதே விதி, பெற்றோர் கவனிக்க.)

2020 கடைசியில் உலகம் முழுக்கச் சுமார் நான்கு இலட்சம் கடலோடிகள் ஒப்பந்தம் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாமல் கப்பல்களில் சிக்கியிருந்தார்கள். பயணிகள் எப்போதோ வீடு சேர்ந்துவிட்டார்கள். செய்தி கெமராக்களும் அவர்களோடு போய்விட்டன.

ஆகவே நம் துறைமுகங்களுக்கு உல்லாசக் கப்பல் வருவதை வரவேற்கும் அரசியல்வாதிகளிடமும், அதனால் தொழில் கிடைக்கும் என்று கைதட்டும் நம்மவர்களிடமும் கேட்கிறேன். கப்பலில் நோய் என்று அறிவித்தல் வந்தால் ஆட்களைக் கரையில் எங்கே வைப்பீர்கள்? கட்டில் எத்தனை? ஊழியருக்கும் தனி அறை உண்டா, இல்லை பயணிக்கு மட்டுமா? செலவைக் கம்பனி கட்டும் என்று முதலே எழுதி வாங்கினீர்களா? இந்தப் பதில்களை எழுதி வைக்க இப்போதுதான் நேரம். கப்பல் வாசலுக்கு வந்த பிறகு எடுக்கும் முடிவு பயத்தில் எடுக்கும் முடிவாகத்தான் இருக்கும்.

கப்பலுக்குப் போக இருக்கும் தம்பிமாருக்கு. ஏஜென்ஸிக்காரன் சம்பளத்தை மட்டும் காட்டுவான். நீங்கள் வேறு சில விடயங்களைக் கேளுங்கள். சுகமில்லாமல் போனால் சம்பளம் எத்தனை வாரத்துக்கு? இலங்கையும் ஏற்றுக்கொண்ட 2006 கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின்படி, நோயால் வேலை செய்ய முடியாவிட்டால் சம்பளம் கொடுக்கும் பொறுப்பை 16 வாரத்துக்குக் குறைத்து மட்டுப்படுத்த முடியாது. தொற்று வந்தால் தனிக் கெபின் தருவார்களா? ஒப்பந்தம் முடிந்தால் வீட்டுக்கு அனுப்பும் செலவு யாருடையது? பதில் வாயால் வந்தால் போதாது, தாளில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும், எழுத்தும் பொடியாக இருக்கும். கையொப்பம் வைப்பதற்கு முதல் கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நூலகத்தில் இருப்பேன், ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துச் சொல்கிறேன் இன்ஷா அல்லாஹ். குழுமத்தில் கல்லெறியச் சொன்ன காக்காவும் மகனைக் கூட்டிக்கொண்டு வரலாம்.